கணக்கில் வராத நடை

கைக்கடிகாரத்துக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு நம் காலத்தில் தலைகீழாக மாறிவிட்டது. முன்பெல்லாம் கடிகாரம் தவறு செய்தால் மனிதன் திருத்துவான். ஐந்து நிமிஷம் பின்தங்கிப் போயிருந்தால், வானொலியில் மணி சொல்லும் சமயம் பார்த்துச் சாவியை இழுத்து, முள்ளைத் திருப்பிவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போவான். அதற்காகக் கடிகாரத்தின் மீது யாரும் கோபித்துக்கொண்டதில்லை. "இது கொஞ்சம் மெதுவாக ஓடும்" என்று, வீட்டிலுள்ள சோம்பேறிப் பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல வாஞ்சையாகவே சொல்வார்கள்.

இப்போதோ கடிகாரம் மனிதனைத் திருத்துகிறது. "உட்கார்ந்தது போதும், எழுந்திரு" என்கிறது. "இன்று நீ நடந்தது போதாது" என்கிறது. இரவு நன்றாகத் தூங்கினோமா என்பதைக் கூட, காலையில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்மார்ட் வாட்ச் என்று அதற்குப் பெயர். மணி காட்டுவதில் அது தவறுவதே இல்லை. நம்மைப் பற்றிச் சொல்வதில்தான் தவறுகிறது. மணி தவறினால் வானொலியை வைத்துச் சரிபார்த்தோம். நாம் நடந்த கணக்குத் தவறினால் எதை வைத்துச் சரிபார்ப்பது?

பொழுதுபோகாதவன் கேட்கும் கேள்வி போலத் தோன்றுகிறதல்லவா? என் பெரியம்மா விஷயத்தில் அப்படி இல்லை.

பெரியம்மாவுக்கு வயது 72. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். சென்ற வருஷம் இருதயத்தில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, "தினம் நடக்க வேண்டும், அம்மா" என்று டாக்டர் சொல்லியனுப்பினார். பூனாவில் வேலை பார்க்கும் மகனுக்குத் தாயின் மேல் உயிர். உடனே ஒரு ஸ்மார்ட் வாட்சை வாங்கி, ஒரு கைபேசியையும் வாங்கி, இரண்டையும் இணைத்து, அம்மாவின் கையில் கட்டிவிட்டுப் போனான். அவள் இங்கே எத்தனை அடி நடக்கிறாள், நாடி எப்படித் துடிக்கிறது என்பதெல்லாம் பூனாவில் அவனுக்குத் தெரிந்துவிடும். அன்பு என்று வந்துவிட்டால் விஞ்ஞானம் என்ன, அஞ்ஞானம் என்ன?

ஆனால் அந்த அன்பு ஒரு மாதத்திற்குள் தினசரி விசாரணையாக மாறிவிட்டது. இரவு எட்டு மணிக்குப் பூனாவிலிருந்து மணி அடிக்கும். "அம்மா, இன்றைக்கு 1,900 தான் ஆகியிருக்கிறது. ஏன் நடக்கவில்லை?" என்று கேட்பான். "நடந்தேனே அப்பா, கோயிலுக்குப் போய்விட்டு வந்தேனே" என்பார் பெரியம்மா. "போயிருந்தால் அதில் காட்டாதா?" என்பான் மகன்.

அதற்கு மேல் பெரியம்மாவால் பேச முடியாது. சாப்பிட்ட தட்டை அலம்பி வைத்துவிட்டு, மொட்டை மாடிக்குப் போய், இருட்டில் இன்னும் ஒரு மணி நேரம் நடப்பார். நடந்து பார்த்தும் 10,000 என்ற எண் கண்ணுக்கு எட்டுவதாக இல்லை. ஒரு நாள் மாடிப்படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளையாக எதிர்வீட்டுப் பெண் பார்த்துக் கைத்தாங்கலாகக் கீழே அழைத்து வந்தாள்.

மறு வாரம் நான் போயிருந்தபோது இதையெல்லாம் சொன்னார். தலை சுற்றியதைப் பற்றி அவருக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. "நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறான் தம்பி. பெத்த பிள்ளை என்னை நம்பல, இதை நம்புறான்" என்று மணிக்கட்டைக் காட்டினார். அதுதான் அவருக்கு வருத்தம்.

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். கும்பேசுவரன் கோயிலுக்குள் நுழைகிற வழியில் இரு பக்கமும் கடைகள் நிறைந்த நீண்ட மண்டபம் இருக்கிறதே, அங்கே பெரியம்மா பூ வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டார். கூடையை இடது கையால் இடுப்போடு அணைத்துக்கொண்டார். கடிகாரமும் இடது கையில்தான். அப்படியே பிரகாரத்தைச் சுற்ற ஆரம்பித்தார். அவர் வாயில் சுலோகம்; என் வாயில் எண்கள். நான் 200 அடி எண்ணி முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன். அது 46 என்றது. பிறகு கூடையை நான் வாங்கிக்கொண்டு, அவரைக் கையை வீசி நடக்கச் சொன்னேன். மறுபடியும் 200 அடி. கடிகாரம் 191 என்றது.

பெரியம்மா நின்றுவிட்டார். "அப்படின்னா சாமிக்குப் பூ எடுத்துட்டுப் போனா கணக்கில வராது, வெறுங்கையை வீசிட்டுப் போனாத்தான் கணக்கா?" என்றார். இதைவிடத் தெளிவாக அந்த யந்திரத்தின் சூட்சுமத்தை யாரும் விளக்கிவிட முடியாது.

உண்மை என்னவென்றால், கடிகாரத்துக்குக் கால் தெரியாது. அது கையில் இருக்கிறது, கையைத்தான் அறியும். அதற்குள்ளே சிலிக்கானில் செதுக்கிய மிகச் சிறிய உணர்கருவி ஒன்று இருக்கிறது. கை முன்னும் பின்னும் ஆடும்போது அதிலுள்ள நுண்ணிய பகுதி அசைகிறது. அந்த அசைவின் தாளத்தைப் பார்த்து, "இது நடையாகத்தான் இருக்க வேண்டும்" என்று கடிகாரம் ஊகிக்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஆகவே கை ஆடாவிட்டால் நடை இல்லை. கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு போகிறவர், குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்க வைக்கிறவர், சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு உலாவுகிறவர், குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் நடக்கிறவர் எல்லாரும் அதன் கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கிறவர்கள். மாறாக, உட்கார்ந்த இடத்தில் கையை ஒரே தாளத்தில் ஆட்டினால் சில அடிகள் இனாமாகக் கிடைப்பதும் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த இனாம் அதிகமாகிவிடக் கூடாது என்பதற்காகப் பல கடிகாரங்கள், தொடர்ந்தாற்போல் சில அடிகள் நடந்த பிறகுதான் எண்ண ஆரம்பிக்கின்றன. வீதியில் நடப்பவருக்கு இதனால் நஷ்டம் இல்லை. சமையலறையில் நடப்பவருக்குத்தான் நஷ்டம். அடுப்பிலிருந்து குழாய்க்கு மூன்று அடி, குழாயிலிருந்து அலமாரிக்கு நான்கு அடி, பால் பொங்கிவிட்டதென்று மறுபடி அடுப்புக்கு இரண்டு எட்டு! காலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை இப்படி ஓடிக் களைத்த பெண்மணியைப் பார்த்து, "எழுந்து கொஞ்சம் நடக்கலாமே" என்று அது உபதேசம் செய்தால், அந்தக் கையிலிருந்து அதைக் கழற்றி எறியாமல் இருப்பதற்கு அசாத்தியப் பொறுமை வேண்டும்.

முதல் பரிகாரம் எளியது. கூடை எந்தக் கையில் இருக்கிறதோ அதற்கு மறு கையில் கடிகாரத்தைக் கட்ட வேண்டும். எந்தக் கையில் கட்டியிருக்கிறோம் என்பதைக் கடிகாரத்திலோ கைபேசியிலோ தெரிவித்துவிடவும் வேண்டும். கைத்தடி ஊன்றி நடப்பவர்களுக்கும் இதே யோசனைதான். இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்து நடக்க வேண்டியவர்கள், இடுப்பில் செருகும் பழைய ரக நடைமானியையோ, மடியில் வைத்த கைபேசியையோ நம்புவது மேல். இடுப்பு, காலுக்குக் கொஞ்சம் கிட்டிய உறவு அல்லவா?

இரண்டாவது விஷயம் நாடி. பெரியம்மா நடக்கும்போது நாடி 118 என்று காட்டியதாகப் பூனாக்காரன் ஒரு நாள் பதறிப்போய்விட்டானாம். கடிகாரத்தின் அடிப்புறத்தில் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை விழுங்கிக்கொள்ளும். இருதயம் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் மணிக்கட்டில் இரத்தம் சற்றுப் பெருகுகிறது; அப்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது. இந்தக் கூடுதல் குறைவைக் கொண்டு துடிப்பை எண்ணுகிறது கடிகாரம். ஆனால் பட்டை தளர்ந்து, கடிகாரம் வளையல்களுக்கு நடுவே இன்னொரு வளையலாக உருண்டுகொண்டிருந்தால், வெளி வெளிச்சம் உள்ளே புகும். ஒவ்வொரு எட்டுக்கும் கடிகாரம் குலுங்கும். சில சமயம் அந்தக் குலுங்கலையே நாடி என்று எண்ணிவிடும். அது காலின் தாளம், இருதயத்தின் தாளம் அல்ல. கிராமத்துப் பாட்டிமார் முன்கையில் பச்சை குத்திக்கொண்டிருப்பார்களே, அந்தப் பச்சை கூட இந்தப் பச்சை விளக்கைக் குழப்பக்கூடும்.

வளையல்களை முன்னே தள்ளி, மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, நழுவாமலும் இறுகாமலும் கடிகாரத்தைக் கட்டினேன். பிறகு இன்னொரு சுற்று நடந்துவிட்டு வந்ததும், பழைய வைத்தியர்களைப் போலக் கட்டைவிரலின் அடியில் விரல் வைத்து, அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கினேன். 88 வந்தது. கடிகாரம் 90 என்றது. இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை.

மூன்றாவதாகக் கைபேசியைத் திறந்து பார்த்தேன். கடிகாரத்தை அணிந்திருப்பவர் ஐந்தடி பத்து அங்குல உயரம், 82 கிலோ எடையுள்ள, நாற்பத்தைந்து வயது ஆண்பிள்ளை என்று அதில் பதிவாகியிருந்தது! அவசரத்தில் மகன் தன் விவரங்களைக் கொண்டே எல்லாவற்றையும் பூர்த்தி செய்திருக்கிறான். பெரியம்மாவோ ஐந்தடிக்கும் ஓர் அங்குலம் குறைவு. கடிகாரம் அடியை எண்ணி, அணிந்தவரின் உயரத்தை வைத்து ஓர் எட்டு இவ்வளவு நீளம் என்று மதிப்பிட்டு, அதிலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. ஆகவே எண்ணிக்கையில் குறைத்துச் சொன்ன அதே கடிகாரம், எண்ணிய ஒவ்வோர் அடியையும் நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு பொய்சாட்சிகள் சேர்ந்தால் ஓர் உண்மை ஆகிவிடாது.

இந்த இடத்தில் எனக்கு நயின் சிங் நினைவு வருகிறது. 1802இல் நம் பரங்கிமலைப் பக்கத்தில் லாம்டன் தொடங்கிய அந்த மகத்தான நில அளவை, பல வருஷங்களுக்குப் பிறகு இமயத்தைத் தொட்டது. அப்பால் திபெத்துக்குள் வெள்ளைக்காரர்கள் நுழைய முடியாது. ஆகவே குமாவுன் மலைப் பள்ளி ஆசிரியரான நயின் சிங்கை டேராடூனில் பழக்கி, யாத்திரிகர் வேஷத்தில் அனுப்பினார்கள். அவர் 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். கையில் ஜபமாலை. ஆனால் அதில் 108 மணிகள் இல்லை, 100தான். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 அடி. ஏறக்குறைய ஐந்து மைல். மலையானாலும் சமவெளியானாலும் ஒரே அளவாக எட்டு வைக்க முதலில் பழகிக்கொண்டு, அதன் பிறகே அவர் எண்ணத் தொடங்கினார். கடிகாரமோ முதலில் எண்ணிவிடுகிறது. எட்டின் அளவை அப்புறம் ஊகித்துக்கொள்கிறது.

அதற்கும் அந்தப் பயிற்சியைக் கொடுக்கலாம். உயரம், எடை, வயது எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவிட்டு, திறந்த வெளியில், சுமார் இருபது நிமிஷம், வழக்கமான நடையில் நடக்க வேண்டும். கடிகாரத்தில் 'வெளியில் நடை' என்று இருப்பதைத் தொட்டுவிட்டு நடந்தால், வானத்துச் செயற்கைக் கோள்களிடமிருந்து தூரத்தைத் தெரிந்துகொண்டு, நம் எட்டு எவ்வளவு என்று பல கடிகாரங்கள் கற்றுக்கொள்கின்றன. கருங்கல் கூரை போட்ட மண்டபத்துக்குள் செயற்கைக் கோள் எட்டிப் பார்க்காது. ஆகவே பெரியம்மாவை மகாமகக் குளத்துக்கு அழைத்துப் போனேன். பதினாறு சிறு மண்டபங்கள் சூழ்ந்த குளத்தின் நான்கு கரைகளையும் விடியற்காலையில் சுற்றி வந்தோம். தலைக்கு மேலே வானம் தாராளமாக இருந்தது. மின்கலத்தைச் சேமிக்கும் ஏற்பாட்டையும் நிறுத்திவிட்டேன். அது இயங்கும்போது பல கடிகாரங்கள் நாடி பார்ப்பதைக் குறைத்துக்கொண்டுவிடுகின்றன.

இவ்வளவும் செய்த பிறகு கடிகாரம் பெரும்பாலும் உண்மை பேசியது. பெரும்பாலும் என்றுதான் சொல்லுகிறேன். எத்தனை திருத்தினாலும் திருந்தாத விஷயம் ஒன்று உண்டு. அது, உடம்பில் எத்தனை கலோரி எரிந்தது என்ற கணக்கு. 2017இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு வகை மணிக்கட்டுக் கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். நாடியைப் பொறுத்த வரை ஏழில் ஆறு, நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான பிழையோடு தேறின. கலோரிக் கணக்கிலோ, எல்லாவற்றிலும் மேலான கருவியே 27 சதவிகிதம் பிசகியது. கடைசியாக வந்தது 93 சதவிகிதம்! ஆகவே "இன்று 300 கலோரி எரித்துவிட்டேன்" என்று கடிகாரத்தை நம்பி ஒரு ஜாங்கிரியை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளுகிறவர்கள் சற்று யோசித்துச் செய்யவும்.

சரி, அந்த 10,000? பெரியம்மாவை இருட்டில் மாடியில் நடக்க வைத்த அந்த எண் எந்த வைத்திய சாஸ்திரத்தில் இருக்கிறது? எதிலும் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த மறு வருஷம், 1965இல், ஜப்பானியக் கம்பெனி ஒன்று ஒரு நடைமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் 'மான்போ கே'. பதினாயிரம் அடி மானி என்று அர்த்தம். சொல்லுவதற்கு முழுமையாக இருக்கிறது, விற்பதற்கும் வசதியாக இருக்கிறது. அந்த விளம்பர எண்தான் உலகம் சுற்றி வந்து கும்பகோணத்து மொட்டை மாடியில் ஏறியிருக்கிறது. 2019இல் அமெரிக்காவில் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட முதிய பெண்களை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். அவர்களுடைய சராசரி வயது, பெரியம்மாவின் வயதேதான், 72. தினம் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் நடந்தவர்களுக்கு அதனால் கூடுதல் லாபம் தென்படவில்லை.

எண்களை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு டாக்டரிடமும் போனோம். தலை சுற்றியதை முதலில் சொன்னோம். அவர் சோதித்துப் பார்த்து மருந்தில் ஒன்றை மாற்றிக் கொடுத்தார். "எத்தனை அடி என்று நான் சொன்னேனா, அம்மா? அரை மணி நேரம் என்றுதானே சொன்னேன்? நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட முடியாதபடி மூச்சு வாங்க வேண்டும். அதுதான் அளவு. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். கடிகாரம் என்ன சொன்னாலும் சரி" என்றார்.

அன்று இரவு எட்டு மணிக்குப் பூனாவிலிருந்து மணி அடித்தது. நான்தான் எடுத்தேன். பூக்கூடை, வளையல், ஐந்தடி பத்து அங்குலம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, "அம்மாகிட்டக் கொடு" என்றான். அவர்கள் பேசியதை நான் கேட்கவில்லை, வாசலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்தது, அன்றைய பேச்சில் எண்ணிக்கை எதுவும் இல்லை என்று.

கடிகாரத்தை நான் குறை சொல்லவில்லை. நேற்றைவிட இன்று அதிகமா, சென்ற மாதத்தைவிட இந்த மாதம் குறைவா என்று அதையே அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அது நல்ல துணை. பட்டையை இறுக்கி, விவரங்களைத் திருத்தி, இருநூறு அடி எண்ணிச் சோதித்துக்கொண்டால் போதும். ஆனால் அது வெறும் சாட்சி. அதுவும் கையை மட்டும் பார்த்த சாட்சி. நீதிபதியின் ஆசனத்தில் அதைத் தூக்கி உட்கார வைத்தது நாம்தான்.

கையை வீசி நடப்பவர்களின் நடை எளிதில் கணக்கில் ஏறிவிடுகிறது. எதையாவது சுமந்துகொண்டு நடப்பவர்களின் நடை ஏறுவதில்லை. குடும்பங்களிலும் இது புதிய சங்கதி அல்ல. தூரத்தில் இருக்கும் உங்கள் தாயாரின் எண்ணிக்கை என்றைக்காவது குறைந்திருந்தால், "ஏன் நடக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். "இன்று கையில் என்ன வைத்திருந்தாய், அம்மா?" என்று கேளுங்கள்.